அந்துப்பூச்சிக்காக வாங்கிய ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப், இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு

இரண்டு வருடம் நான்கு மாதமாக இந்த மைக்ரோஸ்கோப் என் வீட்டு மேசையில் இருக்கிறது. ஜூம் ஸ்டீரியோ வகை. 7 மடங்கிலிருந்து 45 மடங்கு வரை பெரிதாக்கும், கேமரா மாட்ட மூன்றாவது குழாய் உண்டு, மேலேயும் அடியிலும் எல்இடி விளக்கு. கேமரா இல்லாமல் 36,500 ரூபாய் ஆனது. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்றால் இதே உடம்பில் நாலைந்து பெயர்களை ஒட்டி விற்கிறார்கள், வாங்கும்போது பெயரைப் பார்ப்பதைவிட நான் கீழே சொல்கிற விஷயங்களைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வதுதான் பயன்படும். என் முடிவு இதுதான்: வெள்ளைத் துணி கட்டி, விளக்குப் போட்டு, அந்துப்பூச்சிகளைப் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அடுத்த படிக்குப் போக நினைத்தால், புது கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடுங்கள். நான் முதலில் லென்ஸில்தான் போட்டேன், அதில் மூன்று வருடம் போனது.

அந்த மூன்று வருடக் கதையைச் சொன்னால்தான் இந்தக் கருவி எதற்கு என்று புரியும். நான் கோத்தகிரியில் பள்ளி ஆசிரியை. வீட்டு வாசலில் துணி கட்டி 160 வாட் பாதரச ஆவி விளக்கு ஒன்றைப் போடுவேன், பெரும்பாலும் அமாவாசையை ஒட்டி, மழைக்கு நடுவே காற்று நின்று மூட்டம் போட்ட ராத்திரிகளில். அப்படி ஒரு அக்டோபரில், சாம்பல் நிறத்தில், முன்னிறக்கை 11 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு பூச்சி வந்தது. லித்தோசினி என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. இந்தக் கூட்டத்தின் புழுக்கள் பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் பாசியைத் தின்று வளர்பவை, பிரியாணியில் போடுகிற கல்பாசி இருக்கிறதே, அந்த இனத்துப் பாசிகள். எங்கள் பக்கம் பழைய சில்வர் ஓக் மரங்களில் அது மண்டிக் கிடப்பதால் இந்தப் பூச்சிகளுக்குப் பஞ்சமில்லை. படத்தைப் பார்த்த எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள், ஹாம்ப்சன் காலத்திலேயே தெரிந்த ஒரு இனத்தின் பெயர். நானும் அதையே எழுதி வைத்துக்கொண்டேன்.

ஹாம்ப்சனைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜார்ஜ் ஹாம்ப்சன் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தவர். இங்கே பூச்சி சேகரிக்கத் தொடங்கி, பின்னால் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்ந்து, 1891-இல் நீலகிரி மாவட்டத்து அந்துப்பூச்சிகளுக்கென்றே ஒரு தொகுதி வெளியிட்டார். 1892-லிருந்து 1896-க்குள் இந்திய அந்துப்பூச்சிகளுக்கு நான்கு தொகுதிகள் எழுதினார். இன்றைக்கும் தென்னிந்தியாவில் ஒரு அந்துப்பூச்சிக்குப் பெயர் தேடுகிறவர்கள் பலர் அந்த நான்கு தொகுதிகளைத் திறக்கிறார்கள். அவர் பார்த்தது இறக்கை நிறம், இறக்கை நரம்புகள், உணர்கொம்பு, கால் முட்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய உழைப்பு, எனக்கு அவர் மேல் மரியாதை அதிகம். ஆனால் சாம்பல் நிறத்தில் ஒன்று போலவே இருக்கிற ஐந்து பூச்சிகளை இறக்கையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

என் படங்களில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. சில பூச்சிகளுக்கு முன்னிறக்கையின் நடுவில் ஒரு கரும்புள்ளி இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. புள்ளி உள்ளவை அக்டோபர், நவம்பரில் மட்டும் வந்தன. கோயம்புத்தூரில் ஆராய்ச்சி செய்யும் ஒரு தம்பி விடுமுறையில் வந்திருந்தபோது எல்லாப் படங்களையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "டீச்சர், இறக்கையை விடுங்க, வயித்துக்குள்ள பாத்தாத்தான் தெரியும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் இந்த மைக்ரோஸ்கோப் வீட்டுக்கு வந்தது.

அந்துப்பூச்சிகளில் இனத்தைப் பிரித்துக் காட்டும் நம்பகமான அடையாளம் பெரும்பாலும் இனப்பெருக்க உறுப்புகள்தான். ஆணுக்கு வயிற்றின் நுனியில் இணையைப் பிடித்துக்கொள்ள வால்வா என்று ஒரு ஜோடிப் பற்றுக்கரங்கள், மேலே அன்கஸ் என்று வளைந்த கொக்கி, நடுவில் குழாய், குழாய்க்குள் பை, சில இனங்களில் அந்தப் பைக்குள் முட்கள். பெண்ணுக்கு உள்ளே ஒரு பை, பலவற்றில் அந்தப் பையின் சுவரில் கெட்டியான ஒரு தழும்பு போன்ற அமைப்பு. இவற்றின் வடிவம் ஒரு இனத்துக்குள் பெரிதாக மாறாது, இறக்கை நிறம் மாதிரி பழசானால் வெளுத்தும் போகாது. புதிய இனம் என்று எழுத வேண்டுமானால் இவற்றைப் பிரித்து, வரைந்தோ படமெடுத்தோ காட்டாமல் இன்று எந்த நல்ல இதழும் ஏற்றுக்கொள்வது கஷ்டம். 11 மில்லிமீட்டர் இறக்கை உள்ள பூச்சிக்கு இந்த உறுப்பு முழுவதும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும்.

சரி, இப்போது கருவிக்கு வருகிறேன்.

இதில் முதலில் பிடித்தது லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. சுமார் 10 சென்டிமீட்டர் இருக்கிறது. படிக்கும்போது அது ஒரு எண், உட்கார்ந்து வேலை செய்யும்போதுதான் அதன் அருமை தெரியும். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் நுனி மெலிந்த இடுக்கி, இரண்டும் லென்ஸுக்கு அடியில் தாராளமாக அசைய வேண்டும். கடையில் 2 மடங்கு கூடுதல் லென்ஸ் ஒன்றையும் சேர்த்து வாங்கச் சொல்வார்கள், 90 மடங்கு பார்க்கலாம் என்று. வேண்டாம். அதை மாட்டினால் இடைவெளி 3 சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது, இடுக்கி லென்ஸில் இடிக்கிறது. அதற்குப் பதில் 0.5 லென்ஸ் வாங்குங்கள். பெரிதாக்கம் பாதியாகும், ஆனால் இடைவெளி கிட்டத்தட்ட 16, 17 சென்டிமீட்டராகும், பார்க்கும் பரப்பும் இரு மடங்கு அகலமாகும், ஊசியில் குத்திய பூச்சியின் இறக்கைகளை விரிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே பார்வையில் தெரியும்.

இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் ஆழம் தெரிகிறது, அதுதான் இந்த வகைக் கருவியின் உயிர். வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். காய்ந்த பூச்சியின் வயிற்றை மட்டும் மெதுவாக ஒடித்து எடுத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, வெந்நீரில் அந்தக் குப்பியை வைத்துச் சூடாக்க வேண்டும். சதை, கொழுப்பு எல்லாம் கரைந்து கைட்டின் என்ற கெட்டியான பொருளால் ஆன ஓடு மட்டும் மிஞ்சும். (இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் பொசுக்கக்கூடியது, கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டி வையுங்கள்.) அப்புறம் தண்ணீரில் கழுவி, மெல்லிய தூரிகையால் செதில்களைத் தள்ளிவிட்டு, நீர்த்த எத்தனாலில் வைத்து, ஓட்டுக்குள்ளிருந்து உறுப்பைப் பிரித்தெடுக்க வேண்டும். தூரிகை எங்கே தொடுகிறது, ஊசி மேலே நிற்கிறதா கீழே இறங்கிவிட்டதா என்பது ஆழம் தெரிந்தால்தான் தெரியும். ஆரம்பத்தில் மூன்று வயிறுகளைக் கிழித்துவிட்டேன், அவை மிகச் சாதாரணமான ஒரு இனத்தினுடையவை, பழகுவதற்கென்றே எடுத்து வைத்தவை. நீங்களும் அப்படியே பழகுங்கள், உங்களிடம் ஒன்றே ஒன்று இருக்கும் பூச்சியில் முதல் கத்தியை வைக்க வேண்டாம்.

ஒளிதான் இந்தக் கருவியின் பலவீனமான இடம். மேலே லென்ஸைச் சுற்றி வளையமாக எல்இடி கொடுத்திருக்கிறார்கள். காய்ந்த பூச்சிக்கு அது பரவாயில்லை. எத்தனால் ஊற்றிய பெட்ரி டிஷ்ஷை அடியில் வைத்தவுடன் அந்த வளையம் அப்படியே திரவத்தின் மேல் பிரதிபலிக்கிறது, பார்க்க வேண்டிய இடத்தில் வெள்ளை வட்டம்தான் தெரிகிறது. இரண்டு மாதம் இதோடு மல்லாடிவிட்டு, வளைத்து வைக்கக்கூடிய கழுத்துள்ள இரட்டை எல்இடி விளக்கு ஒன்று 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடித்தால் வால்வாவின் ஓரத்து மயிர்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கிற மாதிரி தெரிகின்றன. அடிவிளக்கு நன்றாக இருக்கிறது, பால்கண்ணாடி வழியாக ஒளி சீராக வருகிறது, எல்இடி என்பதால் சூடும் இல்லை. பழைய ஹாலஜன் அடிவிளக்கு உள்ள மாடல் மலிவாகக் கிடைத்தால் எடுத்துவிடாதீர்கள். தம்பியின் கல்லூரியில் இருப்பது அதுதான், பத்து நிமிடத்தில் டிஷ்ஷில் உள்ள எத்தனால் ஆவியாகத் தொடங்கிவிடுகிறது.

முதல் வருட டிசம்பர் விடுமுறையில்தான் இரண்டு ஆண் பூச்சிகளின் உறுப்புகளை ஒரே டிஷ்ஷில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், புள்ளி உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. 20 மடங்கில் இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. 40-க்குக் கொண்டுபோய், அடிவிளக்கைக் குறைத்து, பக்க விளக்கைத் தூக்கினேன். புள்ளி இல்லாததன் வால்வா நுனி மழுங்கி உருண்டு இருந்தது. புள்ளி உள்ளதில் அந்த நுனி இரண்டாகப் பிரிந்து, உள்பக்கத்துக் கிளை கொக்கி மாதிரி வளைந்திருந்தது. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தேன், ஜாடியில் ஒட்டிய சீட்டுகளைச் சரிபார்த்தேன், எதிலும் மாறிப்போகவில்லை. மூன்று வருடமாக ஒரே பெயரில் நான் எழுதி வைத்திருந்தவை இரண்டு இனங்கள். அந்த ராத்திரி என் கணவரை எழுப்பிக் காட்டினேன், அவருக்கும் அந்தக் கொக்கி தெரிந்தது, பயிற்சி இல்லாத கண்ணுக்கும் தெரிகிற அளவுக்குத் தெளிவான படத்தை இந்த விலையில் ஒரு கருவி தருகிறது என்பதற்கு இதைவிட எனக்குச் சான்று வேண்டாம்.

அதன் பிறகு இன்னும் ஏழு ஆண்களையும் நான்கு பெண்களையும் பிரித்தோம். ஒரு பூச்சியில் தெரிவது ஊனமாகவோ வளர்ச்சிக் குறையாகவோ இருக்கலாம், பலவற்றில் அதே மாதிரி வந்தால்தான் அதைப் பற்றிப் பேச முடியும். எல்லாவற்றிலும் வந்தது.

இப்போது குறைகள். படம் எடுத்து வெளியிடப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஜூம் குமிழில் கிளிக் நிறுத்தம் இல்லை, இது எனக்குப் பெரிய தலைவலி. விலை கூடின கருவிகளில் 1, 2, 3 என்று ஒவ்வொரு மடங்கிலும் குமிழ் டக்கென்று நின்று பிடிக்கும். இதில் வழுக்கிக்கொண்டே போகும். புதிய இனத்தை விவரிக்கும்போது ஒவ்வொரு படத்திலும் அளவுகோடு போட வேண்டும், வால்வா 1.2 மில்லிமீட்டர் என்று எழுதினால் அது சரியாக இருக்க வேண்டும். கூடவே கொடுத்த மென்பொருள், குமிழ் எங்கே இருக்கிறது என்பது தெரியாமலே முன்பு பதிந்த அளவை வைத்து மில்லிமீட்டரைச் சொல்லிவிடுகிறது. எங்கள் முதல் அளவுகள் எல்லாம் 8 சதவீதம் வரை தவறாக இருந்தன, மொத்தத்தையும் திரும்ப எடுத்தோம். இப்போது ஒவ்வொரு படமும் எடுத்த கையோடு, குமிழைத் தொடாமல், 1 மில்லிமீட்டரை 100 பாகமாகக் கோடு போட்ட கண்ணாடி அளவுகோலை அதே இடத்தில் வைத்து இன்னொரு படம் எடுத்துவிடுகிறேன். அந்த ஸ்லைடு 900 ரூபாய்தான், கருவியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது படங்களை அடுக்குவது. உறுப்பின் மேல்பகுதி தெளிவாக இருந்தால் கீழ்ப்பகுதி மங்கும், அதனால் ஃபோகஸை மெல்ல மெல்ல நகர்த்தி இருபது முப்பது படம் எடுத்து ஒன்றாகச் சேர்ப்போம். இந்த விலையில் வரும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்புகள் ஏறக்குறைய எல்லாமே கிரீனோ வகை, அதாவது இரண்டு கண்ணுக்கும் இரண்டு தனித்தனிக் குழாய்கள், இரண்டும் பொருளைச் சாய்வாகப் பார்க்கின்றன. மூன்றாவது குழாயில் மாட்டினாலும் கேமரா இந்த இரண்டில் ஒன்றின் வழியாகத்தான் பார்க்கும், எனவே ஃபோகஸை நகர்த்த நகர்த்தப் படமும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும். அடுக்கும் மென்பொருள் ஓரளவு சரிசெய்கிறது, ஆனால் ஓரங்களில் மயிர்கள் இரட்டையாக விழுகின்றன. நான் செய்வது, கேமரா பார்க்கும் சாய்வுக்கு ஏற்ப டிஷ்ஷுக்கு அடியில் ஒரு பக்கம் சின்ன அட்டைத் துண்டு வைத்து உயர்த்திக்கொள்வது. முழுத் தீர்வு இல்லை, ஆனால் வேலை நடக்கிறது. இன்னொன்று, கேமராவுக்கு ஒளியைத் திருப்பும் கம்பியை இழுத்தால் ஒரு கண் இருட்டாகிவிடும், அதனால் படம் எடுத்துக்கொண்டே இரண்டு கண்ணாலும் பார்த்து ஊசியை அசைக்க முடியாது. வாங்கும் முன் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பூஞ்சை. மலையில் இருப்பவர்களுக்கும் கடலோரத்தில் இருப்பவர்களுக்கும் இது மிக முக்கியம். கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் துணியே காயாது, லென்ஸ் மட்டும் என்ன செய்யும். முதல் மழைக்காலம் முடிந்ததும் இடது கண் லென்ஸில் சிலந்தி வலை மாதிரி நூல்கள் படர்ந்திருந்தன. விற்றவரிடம் சொன்னேன், கருவியை அனுப்புங்கள் என்றார், அனுப்பி ஏழு வாரம் ஆயிற்று, சுத்தம் செய்து வந்தது, ஆனால் வாரண்டியில் பூஞ்சை சேராது என்று 3,200 ரூபாய் வாங்கினார்கள். அந்த ஏழு வாரத்தில் நான்கு தடவை போன் செய்தேன், ஒரு தடவைகூட அவர்களாகத் திருப்பிக் கூப்பிடவில்லை. இப்போது கண் லென்ஸ் இரண்டையும் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறேன், உடம்பைப் பெரிய பிளாஸ்டிக் உறை போட்டு மூடி உள்ளே ஒரு கிலோ சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடுகிறேன். இரண்டாவது மழைக்காலத்தில் ஒன்றும் வரவில்லை. கருவியோடு வரும் தூசி உறை ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான் உதவும், தூக்கிப் போடுங்கள்.

இந்தக் கருவியால் முடியாதவை எவை என்றும் சொல்லிவிட வேண்டும். குழாய்க்குள் இருக்கும் பையின் முட்களை எண்ண 45 மடங்கு போதாது, அதற்கு ஸ்லைடு செய்து கல்லூரியின் கூட்டு மைக்ரோஸ்கோப்பில் 100 மடங்கில் பார்த்தோம். டிஎன்ஏ வேலைக்கு ஒவ்வொரு பூச்சியிலும் ஒரு காலை மட்டும் எடுத்து அனுப்பினோம், 658 எழுத்து நீளமுள்ள சிஓஐ என்ற பகுதியைப் படிப்பார்கள். கனடா விஞ்ஞானி பால் ஹெபர்ட் 2003-இல் இந்தப் பகுதியை வைத்து இனத்தை அடையாளம் காணும் முறையை முன்வைத்தபோது அவர் சோதித்துக் காட்டிய பூச்சிகளில் கனடாவின் குவெல்ஃப் பக்கத்து 200 அந்துப்பூச்சி இனங்கள் இருந்தன, எங்கள் வேலை அந்த வழியில் வந்ததுதான். டிஎன்ஏ முடிவும் இரண்டைப் பிரித்தே காட்டியது. ஆனாலும் இது புதியது என்று சொல்ல அது போதாது. பழைய பெயர் எந்தப் பூச்சிக்கு வைக்கப்பட்டதோ அந்த மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும். நீலகிரியிலிருந்து போன மாதிரிகள் நூற்றுக்கணக்கில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தம்பி எழுதிக் கேட்டு அந்த மூல மாதிரியின் படமும் அதன் உறுப்பின் படமும் வாங்கினார். நுனி மழுங்கியது அதுதான், பழைய பெயர் அதற்கே போனது. என் வாசலுக்கு வந்த, புள்ளி உள்ள, கொக்கி உள்ள பூச்சிக்குப் பெயர் இல்லை.

கட்டுரை இப்போது மதிப்பாய்வில் இருக்கிறது. பெயரை இங்கே எழுத மாட்டேன், விவரிப்பு முறையாக வெளிவரும் முன் பெயரை வெளியே விட்டால் பின்னால் குழப்பம் வரும். ஒரு பூச்சியை ஹோலோடைப் என்று, அதாவது அந்தப் பெயருக்குரிய மூல மாதிரி என்று குறித்துத்தான் பெயர் வைக்க வேண்டும், இணைய இதழில் வந்தால் ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேட்டில் பதிவு வேண்டும். நம் நாட்டில் 2002-ஆம் வருடத்து உயிரியல் பன்மைச் சட்டப்படி, புதிய இனம் கண்டவர்கள் அதை அறிவித்து மாதிரியை அரசு குறித்துள்ள நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும், விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் அது. எங்கள் ஹோலோடைப்பும் அங்கேதான் போகிறது. காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் பூச்சி எடுக்கக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள், எங்களுடையவை எல்லாம் என் வீட்டு வாசலிலும் பக்கத்துத் தோட்டத்தில் உரிமையாளர் சம்மதத்தோடும் எடுத்தவை.

வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்க வேண்டியவை: ஜூமில் கிளிக் நிறுத்தம் உண்டா, அடிவிளக்கு எல்இடியா, 0.5 லென்ஸ் தனியாகக் கிடைக்குமா, கேமராவுக்குத் திருப்பினால் ஒரு கண் மூடுமா, பூஞ்சை வந்தால் யார் செலவு. ஐந்தாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் முழுப் படம் தெரிகிற, உயரமான கண்புள்ளி உள்ள கண் லென்ஸ் கேளுங்கள், எனக்கு வந்ததில் அது இருந்தது, மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் கண் வலிக்கவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்று கிளிக் இல்லாத குமிழுக்கும், ஏழு வாரம் திருப்பிக் கூப்பிடாததற்கும். கோத்தகிரிப் பக்கம் யாராவது வாங்கும் முன் பார்த்துவிட்டு வாங்க நினைத்தால், ஞாயிறு பகலில் வந்து உட்கார்ந்து பாருங்கள், இரண்டு வால்வாவும் ஒரே டிஷ்ஷில் இன்னும் இருக்கின்றன.